கண்டல் வெட்டிய மைமூனாவின் மகள்

அஸ்ரியாவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்த செய்தியைப் பக்கத்து வீட்டுப் பளீலா முதலில் ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"அது அஞ்சாம் ஆண்டுப் புள்ளைகள் எழுதுறதெல்லா? ஒனக்கு நாப்பது வயசாகப் போகுது. இன்னுமா சோதினை பாஸ் பண்ணிக்கிட்டு இரிக்கிறாய்?" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

அஸ்ரியாவும் சிரித்துவிட்டாள். "இது வேற, ராத்தா. வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சி நிலையம் குடுக்கிறது. மனுசன் இந்தப் பூமிய என்ன பாடு படுத்தியிரிக்கிறான் எண்டு பாக்கிறதுக்கு. ஒரு துறை ஆள் தனியப் பாத்தா முழுசா விளங்காதாம். அதால செடிகொடி படிச்ச ஒராள், சரித்திரம் படிச்ச ஒராள், கணக்குப் படிச்ச ஒராள் எண்டு மூணு பேரச் சேர்த்து, ஒரே எடத்தப் பாக்கச் செல்லுறாங்க."

"எந்த எடத்த?"

"எங்கட களப்பத்தான்."

பளீலா திரும்பிக் களப்புப் பக்கம் பார்த்தாள். காற்றில் கலங்கிக் கிடந்த உப்புத் தண்ணீரும், கரையோரச் சேற்றில் திட்டுத்திட்டாக நின்ற கண்டல் மரங்களும், அதற்கப்பால் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளின் மண் வரம்புகளும்தான் தெரிந்தன. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உலையில் அரிசி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையை ஒட்டியிருக்கிறது அந்தக் குடியிருப்பு. சண்டைக் காலத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டில், மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் கிடுகுக் கொட்டில்கள் போட்டுத் தங்கிய முகாம் அது. அஸ்ரியா அப்போது ஐந்து வயதுப் பிள்ளை. வள்ளத்தில் யாரோ ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரம் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்ததைத் தவிர அந்தப் பயணத்தில் வேறெதுவும் அவள் நினைவில் இல்லை. கொட்டில்கள் காலப்போக்கில் கல்வீடுகளாயின. முகாம் என்ற பெயர் மட்டும் வெளியாரின் வாயில் இன்னும் அப்படியே இருந்தது.

சண்டை ஓய்ந்தபின் ஆட்கள் ஒவ்வொருவராக மன்னாருக்குத் திரும்பினார்கள். அஸ்ரியாவின் மூத்த சகோதரர் அர்கம் நானாவும் உம்மா மைமூனாவைக் கூட்டிக்கொண்டு ஊரில் போய் வீடு கட்டினார். வாப்பா செய்னுலாப்தீன் அதற்கு முன்பே மவுத்தாகிப் புத்தளத்து மையவாடியில் அடங்கியிருந்தார். அஸ்ரியா போகவில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் வேலை புத்தளத்தில் இருந்தது. அது ஒரு காரணம். போய் இறங்கினால் எந்தத் தெருவும் தனக்கு அடையாளம் தெரியாது என்பது இன்னொரு காரணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கலியாணப் பேச்சுகள் வந்தன, இழுபட்டன, பிறகு வருவதும் நின்றுவிட்டது.

ஊருக்குப் போனவர்கள் தங்கள் வீட்டுத் திறப்புகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்ததும் அவள் அந்த வீடுகளைத் திறந்து, யன்னல்களை விரித்து, சிறிது நேரம் காற்றோட விட்டுப் பூட்டிவிட்டு வருவாள். ஆளில்லாத வீடுகளுக்குள் நின்று சில வேளைகளில் வாய்விட்டுப் பேசியும் பார்ப்பாள். தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது வெட்கமாக இருக்கும்.

பெலோஷிப் என்ற அந்தப் புலமைப்பரிசிலின் முதல் மாதத்தை அவள் அந்த வெளிநாட்டு நிலையத்தில் கழித்தாள். பாடசாலையில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டாள். அங்கே எல்லாரும் அன்பாகத்தான் பழகினார்கள். சாப்பாட்டு மேசையில் ஆற்றைப் பற்றி ஆராய வந்த வைத்தியரும், பாலைவனத்தைப் பற்றி ஆராய வந்த சட்டத்தரணியும் அவளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள். "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு வாழ்நாள் முழுக்கவே சரியான பதில் வாய்த்ததில்லை. புத்தளத்தில் அவள் மன்னார் அகதி. மன்னாருக்குப் போனால் புத்தளத்தாள். "இலங்கை" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்ப்பாள்.

அவளோடு சேர்க்கப்பட்ட இருவரில் ஒருவர் ஜூட். சிலாபத்துக்காரர், சரித்திர விரிவுரையாளர். ஒல்லாந்தர் காலத்து வரைபடங்களிலிருந்து அகதிமுகாம் அறிக்கைகள்வரை பொறுமையாக வாசிக்கும் மனிதர். மற்றவள் கதரீனா. வெள்ளைக்காரி. ஆகாயத்திலிருந்து செய்மதிகள் எடுத்த பழைய படங்களை அடுக்கிவைத்துக் கணக்குப் போடுவது அவள் வேலை. மூவரும் அங்கே ஒரே அறையில் இருந்த அந்த ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு கதரீனா தன் கணினியோடு அங்கேயே தங்கினாள், ஜூட் கொழும்பில் ஆவணக் காப்பகத்துக்குப் போனார், அஸ்ரியா களப்புக்குத் திரும்பினாள். அதன்பின் மூவரும் திரையில்தான் சந்தித்தார்கள்.

ஜப்பாரின் வள்ளத்தில் அவள் காலையில் புறப்படுவாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கதைப்பதில் ஜப்பாருக்கு விருப்பமில்லை. அவளை இறக்கிவிட்டுத் தன் வலையைப் பார்க்கப் போய்விடுவார். சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்று, எந்தக் கண்டல் எவ்வளவு உயரம், எங்கே கன்று முளைத்திருக்கிறது, எங்கே அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அவள் அளப்பாள். கட்டையைப் பார்த்தாலே சேதி தெரியும். இறால் பண்ணைக்காக அழித்த இடங்களில் இயந்திரம் வேரோடு பிடுங்கிப் புரட்டியிருக்கும். அங்கே பெரும்பாலும் கட்டையே மிஞ்சாது. கத்தியால் வெட்டிய இடங்களில் கட்டைகள் சரிவான வெட்டோடு சேற்றில் இறுகிப்போய் நிற்கும். அப்படியான கட்டைகள் அவளுடைய குடியிருப்புக்கு நேர் பின்னால் உள்ள கரையில்தான் அதிகம் கிடந்தன. அவற்றையும் அளந்தாள். அளக்கும்போது அவள் அதைப் பற்றி வேறெதையும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் கதரீனா திரையில் அந்தப் படத்தைக் காட்டினாள்.

களப்பின் கரை முழுவதும் பச்சையாக இருந்தது. அவள் ஒரு விசையைத் தட்டத் தட்ட ஆண்டுகள் நகர்ந்தன. எண்பதுகளில் பச்சை. தொண்ணூறைத் தாண்டியதும் கற்பிட்டிப் பாதையை ஒட்டிய ஒரு துண்டு சட்டென்று சாம்பல் நிறமானது. தண்ணீர் தொடும் இடத்தை யாரோ கடித்தெடுத்ததுபோல. அதன்பின் தெற்கே இறால் பண்ணைகள் சதுரம் சதுரமாகப் பரவின. கீழே, அழிந்த கண்டலின் பரப்பைக் காட்டும் ஒரு கோடு படிப்படியாக ஏறிக்கொண்டு வந்தது.

"இந்த முதல் ஏற்றம் எதனால்?" என்று கதரீனா கேட்டாள்.

ஜூட் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அகதிகள் வந்த நேரம். அறிக்கைகளிலும் அப்படித்தான் இருக்கு. விறகுக்கும் கொட்டில் கம்புகளுக்கும் வெட்டியிருக்கிறாங்க."

"அப்படியென்றால் 'இடம்பெயர்ந்தோர் அழுத்தம்' என்று குறித்துக்கொள்கிறேன்," என்றாள் கதரீனா. குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. மழை, வறட்சி என்று எழுதுவதுபோல எழுதினாள்.

அந்தக் கோட்டின் ஏற்றத்தில் தன் உம்மா கத்தியோடு நிற்பதை அஸ்ரியா கண்டாள். பின்னால் சுள்ளிகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு நடக்கும் சின்னப் பிள்ளையையும் கண்டாள். இணைப்புச் சரியில்லை என்று சொல்லித் தன் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளுக்கு ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டது. குடியிருப்புக்குப் பின்னால் அளந்த அளவுகள் அவள் கையில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் அந்த ஏற்றத்துக்கு ஆதாரம் மெலிந்துபோகும். பண்ணைகள்தான் மிச்சமிருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த எண்ணத்தோடு அவள் சோறு தின்றாள், அந்த எண்ணத்தோடு தொழுதாள். சலாம் கொடுத்து எழும்பும்போது தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இதைக் கதைத்துப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும்போல இருந்தது. ஜூட்டிடம் சொன்னால் அவர் இரக்கப்படுவார். பளீலாவிடம் சொன்னால் அளவுகளைக் களப்பில் எறி என்பாள். கடைசியில் பஸ் ஏறி மன்னாருக்குப் போனாள்.

அர்கம் நானாவின் வீட்டு முற்றத்தில் மைமூனா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தொட்ட மனுசி. மகளைக் கண்டதும், "மெலிஞ்சிட்டாய்," என்று மட்டும் சொல்லி, உருவிய இலையில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். இருவரும் உருவினார்கள். அஸ்ரியா படத்தைப் பற்றிச் சொன்னாள். கோட்டைப் பற்றிச் சொன்னாள். அளவுகளை மறைக்க நினைத்ததையும் சொன்னாள்.

மைமூனா கையிலிருந்த கொத்தை உருவி முடித்துக் காம்பைப் போட்டாள்.

"வெட்டினோம்தானே," என்றாள் பிறகு. "பச்சை விறகு. லேசுல பத்தாது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் வீங்கிப் போகும். அத நாங்க மரமெண்டு நினைக்கல்ல, மகள். அடுப்பு எண்டுதான் நினைச்சோம். பொறவு பாத்தா கரை வெளிச்சுப் போச்சு. அப்பதான் எனக்கே ஒரு மாதிரி இருந்திச்சு."

"அப்ப என்ன எழுதட்டும், உம்மா?"

"உள்ளத எழுது. ஆனா 'வந்தவங்க' எண்டு மொட்டையா எழுதாத. எங்கள எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. மைமூனா வெட்டினாள், புள்ளையளுக்குச் சோறாக்கினாள் எண்டு என்ட பேரப் போட்டு எழுது. எனக்கு வெட்கமில்ல."

இரண்டு நாள் தங்கினாள் அஸ்ரியா. தெருவில் போனபோது ஒரு பொம்பிளை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவ ஆரு?" என்று கேட்டாள். "மைமூனாட மகள், புத்தளத்துல இருந்து வந்திரிக்கிறா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்று மாலை உம்மா, "எப்ப போறாய்?" என்று கேட்டாள். பயணச் சாப்பாடு கட்டுவதற்காகத்தான் கேட்டாள். அது தெரிந்தும் அஸ்ரியா, "நாளைக்கு விடியவே," என்றாள்.

திரும்பி வந்ததும் அளவுகள் எல்லாவற்றையும் கதரீனாவுக்கு அனுப்பினாள். கூடவே, உம்மாவின் பேச்சை அவள் பெயரோடு கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டாள். திரையில் அதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது.

"ஆய்வுக் கட்டுரையில் ஒரு ஆளின் பெயரை எங்கே வைப்பது? ஒருவருடைய பேச்சு ஆதாரமாகாது," என்றாள் கதரீனா.

"ஆதாரத்துக்காக இல்லை. கட்டைகள் ஆதாரத்துக்குப் போதும். அழுத்தம் என்று நீங்கள் எழுதியது என் உம்மாவை," என்றாள் அஸ்ரியா.

கதரீனா தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். அஸ்ரியா எங்கே பிறந்தாள் என்று அவள் இதுவரை கேட்டதில்லை, அஸ்ரியாவும் சொன்னதில்லை. ஜூட்தான் குறுக்கே வந்தார். "சரித்திரத்தில பேருக்கு இடம் இருக்கு. மூணு துறையையும் சேர்த்து உட்கார வச்சது அதுக்குத்தானே," என்றார். இரண்டொரு நாளில் கதரீனா சம்மதித்தாள். முன்பு வேறொரு படமாக வைத்திருந்த பண்ணைகளின் கணக்கையும் இந்தக் கோட்டோடு ஒரே படத்தில் சேர்த்தாள். சேர்த்துப் பார்த்தபோது, அகதிகள் வெட்டியது அடுப்பளவு என்றும் பண்ணைகள் அழித்தது அதைவிடப் பல மடங்கு என்றும் பார்த்தவுடன் விளங்கியது. மைமூனாவின் பேச்சு ஒரு பந்தியாக இடம்பெற்றது.

கட்டுரை வெளிவந்து சில கிழமைகளில் ஒரு பத்திரிகை அதை எடுத்துப்போட்டது. கோட்டுப் படத்தின் இடது பாதியை மட்டும். பண்ணைகள் வரும் இடத்துக்கு முன்பாகவே கத்தரித்திருந்தார்கள். 'கண்டல் காட்டை அழித்தது அகதிகளே' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ஆய்வாளர்களின் பெயர் வரிசையில் அஸ்ரியாவின் பெயர். பின்னேரத்துக்குள் அது குடியிருப்பில் எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று அவள் பிறகு நினைத்தாள். கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மன்னாருக்குப் போன ஒருவரின் மச்சான் வாசலில் வந்து நின்று, வீட்டுத் திறப்பை வாங்கிவரச் சொன்னார்கள் என்றார். பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு இன்னொருவர் வந்தார். கொஞ்ச நாளில் அவளிடம் அவளுடைய சொந்தத் திறப்பு மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பளீலாவின் குரல் கேட்கும், தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். அவளைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்காது.

பத்திரிகைக்கு எழுதினாள், பதில் வரவில்லை. ஜூட்டும் எழுதினார். கதரீனா மிகவும் வருந்தி, கரைப் படமும் கீழே கோடுமாக முழுவதையும் பெரிதாக அச்சடித்துத் தபாலில் அனுப்பினாள். அதைக் கொண்டுபோய்ப் பளீலாவிடம் காட்டலாம் என்று அஸ்ரியா இரண்டு தரம் மதிலடிவரை போனாள். இரண்டு தரமும் திரும்பிவந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மைமூனா ஒரு பையோடு இறங்கினாள்.

"தனியவா வந்தீங்க? ஒரு போன் எடுத்திரிக்கலாமே," என்று அஸ்ரியா பதறிப்போனாள்.

"பளீலா போன்ல கதைச்சவள். 'ஒங்கட மகள் எங்கட முகத்துல கரி பூசிட்டாள்' எண்டாள். வச்சிட்டன். முகம் பாத்துக் கதைக்க வேண்டிய கதை. நீ முந்திச் செல்லின அந்த முழுப் படம் கையில இரிக்கிதா? எடுத்துக்கிட்டு வா."

பளீலா கதவைத் திறந்தபோது மைமூனாவை எதிர்பார்க்கவில்லை. சலாம் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டாள். அஸ்ரியாவைப் பார்க்கவில்லை. மைமூனா உட்காரும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"வெட்டினது நான் எண்டு சொன்னது நான்தான். அவள் கேட்டாள், நான் சொன்னன். அவளில கோவப்பட்டு என்ன?"

"நீங்க சொல்லலாம். ஊர் முழுக்க எங்கட பேருமெல்லா சேர்ந்து நாறுது," என்றாள் பளீலா. "நாங்க என்ன, ஆசைக்கா வெட்டினோம்?"

"அதத்தான் இவள் எழுதியிரிக்கிறாள். பேப்பர்காரன் அரைவாசியப் போட்டா அதுக்கு இவள் என்ன செய்யிற?" மைமூனா படத்தை வாங்கி மேசையில் விரித்தாள். மூலைகள் சுருண்டன. பளீலாவின் கைக்கெட்டிய தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். "காட்டு, மகள்."

அஸ்ரியா காட்டினாள். குடியிருப்பைக் காட்டினாள், பண்ணைகளைக் காட்டினாள். பளீலா முதலில் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இதுல எங்கட கொட்டில் எது?"

"அவ்வளவு தெளிவாத் தெரியாது, ராத்தா. இந்தச் சாம்பலுக்குள்ள எங்கயோ."

"ஒன்ட கத்திதான் எனக்கு இரவல் வந்தது, பளீலா," என்றாள் மைமூனா, குரலைத் தணித்து. "ஞாபகம் இரிக்கிதா?"

பளீலா விரலைச் சாம்பல் துண்டின் மேலேயே வைத்திருந்தாள். "வென்னி வைக்கத்தான் வெட்டினன்," என்றாள். "முஸம்மிலுக்கு வயித்தால போய்க்கிட்டு இரிந்திச்சு. கொதிச்ச தண்ணிதான் குடுக்கணும் எண்டு டொக்டர் செல்லியிருந்தார். மழைக்குள்ள அந்தப் பச்சைக் கம்பு பத்தவே இல்ல."

முஸம்மில் என்றொரு பிள்ளை பளீலாவுக்கு இருந்தது என்று அஸ்ரியாவுக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஒரே மதிலின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள்.

"அதையும் எழுதுவியா?" என்று பளீலா நிமிர்ந்து கேட்டாள்.

எழுதுகிறேன் என்ற சொல் வாய்வரை வந்தது. "கட்டுரை முடிஞ்சிட்டு, ராத்தா. பெலோஷிப்பும் இந்த மாசத்தோட முடியுது. இனி எழுத எடமில்ல," என்றாள்.

பளீலா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "அப்ப சும்மா கேட்டுக்க," என்றாள். பிள்ளை எப்படி இருந்தான், எப்படிச் சிரிப்பான், எந்த இடத்தில் அடக்கினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சொன்னாள். அஸ்ரியா ஒன்றையும் குறித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று சொல்ல முடியாது. கடையில் பேச்சு இப்போது நிற்பதில்லை. ஆனால் அவளை உள்ளே இழுப்பதுமில்லை. திறப்புகளை யாரும் திருப்பித் தரவில்லை. பளீலா மதிலடியில் வந்து நின்று ஏதாவது கேட்பாள். முன்னைப்போல் பகிடி பண்ணுவதில்லை.

கடைசிச் சந்திப்பில் மூவரும் திரையில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். ஜூட்டுக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கதரீனா அடுத்ததாக ஓர் ஆற்று முகத்துவாரத்தைப் பார்க்கப் போகிறாள். அந்த இடத்துக்கு நேரில் போய்த் தங்குவதாகச் சொன்னாள். "உங்கள் களப்புக்கு நான் ஒருமுறையேனும் வந்திருக்க வேண்டும்," என்றாள். அஸ்ரியா, "வாங்க, வீடு இருக்கு," என்றாள். வரமாட்டாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. முதலில் ஜூட் போனார், பிறகு கதரீனா போனாள். திரையில் தன் முகம் மட்டும் மிஞ்சியிருந்ததை அஸ்ரியா சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு மூடினாள்.

மைமூனா ஒரு கிழமை தங்கினாள். செய்னுலாப்தீன் அடங்கியிருக்கும் மையவாடியின் வாசலில் நின்று துஆ கேட்டாள். பளீலாவோடு இருந்து மீன் ஆய்ந்தாள். ஒரு மாலை, பின்கரைவரை நடந்துபோய், கட்டைகளுக்கு நடுவே தானாக முளைத்து நின்ற கண்டல் கன்றுகளைப் பார்த்தாள். குனிந்து ஒன்றின் இலையைத் தொட்டாள். இருட்டுமுன் வீட்டுக்குப் போவோம் என்றாள்.

புத்தளம் பஸ் நிலையத்தில், மன்னார் பஸ்ஸில் மைமூனாவுக்கு யன்னலோர இருக்கை கிடைத்தது. அஸ்ரியா வெளியே நின்றாள்.

"என்னோட வாவன்," என்றாள் மைமூனா.

"பள்ளிக்கூடம் தொடங்குது, உம்மா."

"அதில்ல. ஒரேயடியா."

இல்லை என்று அஸ்ரியா தலையை ஆட்டினாள். ஏன் என்று உம்மா கேட்கவில்லை. பஸ் உறுமத் தொடங்கியது. "அப்ப சமைக்கப் பஞ்சிப்படாத. தனி ஆள் எண்டு பாணும் பிளேன்டீயுமா இரிக்காத," என்றாள். பஸ் பின்பக்கமாக வளைந்து வெளியேறி, அனுராதபுரப் பாதையில் திரும்பியது.

அஸ்ரியா சந்தைக்குள் போய்க் கொஞ்சம் மீனும் கத்தரிக்காயும் வாங்கினாள். கடைக்காரர் எத்தனை பேருக்கு என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"எனக்கு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுப் பையை விரித்துப் பிடித்தாள்.